மணப்பெண்ணுக்கு மீன் தலை

ஐந்தாவது வறுவலாகக் கத்தரிக்காயைக் கடுகெண்ணெயில் போட்டுவிட்டு, திப்யேந்து மறுபடியும் கூடத்தை எட்டிப் பார்த்தான்.

“கருகுது, நகருங்க!” மஹுவா புருஷனை இடித்துத் தள்ளினாள். “நாளைக்குக் கல்யாணம் உங்களுக்கா, பொண்ணுக்கா?”

“கல்யாணத்துக்கு முந்தின விருந்துடி. ஒரு வறுவல் குறைஞ்சாலும் ஊரு பேசும்.”

“ஊரு இப்பவே பேசிக்கிட்டுதான் இருக்கு. இந்தக் கல்யாணம் நடந்தா குடும்ப மானமே போயிடும்னு கொல்கத்தாவுலேருந்து உங்க பெரியப்பா போன்ல கத்துறாரு. வர மாட்டாராம்.”

“வராட்டிப் போகட்டும். பாயசம் மிச்சம்.”

சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினான். மீன் தலை போட்ட பருப்பில் உப்புப் பார்த்தான். பார்த்ததை மறந்து மறுபடியும் பார்த்தான்.

“மீன் தலையப் பாத்ததும் தட்டத் தள்ளிட்டா என்னடி பண்றது?”

“மீன் தலை இல்லாம என்ன கல்யாண விருந்து? நீங்களே பக்கத்துல உக்காந்து ஊட்டுங்க.”

மணப்பெண் சிவப்புக் கரைப் புடவையில் வந்து, தலை குனிந்து பாயில் உட்கார்ந்தாள். மஹுவா சங்கு ஊதிக் குலவையிட்டாள். தட்டைப் பார்த்ததும் மணப்பெண்ணின் கை மடியிலேயே நின்றுவிட்டது.

திப்யேந்து எதிரே மண்டியிட்டான். மீன் தலையை உடைத்து, முள் பார்த்து எடுத்து, சோற்றோடு பிசைந்து ஒரு கவளம் நீட்டினான்.

“விதவைக்கு மீன் ஆகாதுன்னு, அப்பா செத்த அன்னிக்கு மீன விட்டே. விட்டது போதும், நீ பெத்த பிள்ளை ஊட்டுறேன், வாயத் திற அம்மா.”