பத்தாவது இடம்

"பத்துப் படத்துல என் படம் பத்தாவதா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தவள், போனை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். காலையில் அவர் குடும்பக் குழுவில் போட்ட பட்டியல்தான் அது. சிறந்த படத்துக்கான விருதுப் போட்டியில் பத்துப் படங்களை அறிவித்துவிட்டால் போதும். பத்தையும் உட்கார்ந்து பார்த்து, தாளில் கட்டம் போட்டு, ஒன்றிலிருந்து பத்து வரை வரிசைப்படுத்தி, சொந்தபந்தத்துக்கெல்லாம் அனுப்பாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வருடாவருடம் நடக்கிற கூத்துதான்.

இந்த வருடம் அந்தப் பத்தில் ஒன்றுக்கு ஒலி அமைத்தவள் அவருடைய மகள். முதன்முதலாக அவள் வேலை செய்த படம் விருதுவரை போயிருக்கிறது. விருது கிடைக்கிறதோ இல்லையோ, அப்பா வாயிலிருந்து ஒரு 'பரவாயில்லை' வந்துவிடாதா என்று ஒரு வாரமாகப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா சிரிக்கிற பொம்மை அஞ்சு போட்டிருக்கார். சித்தி 'பாவம், விடுங்க'ன்னு போட்டிருக்காங்க. எல்லாரும் கைகொட்டிச் சிரிக்கணும், அதானே உங்களுக்கு வேணும்?"

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். "முதல்ல உட்காரு. சாப்பிட்டியா?"

"அது ஒண்ணுதான் இப்ப குறைச்சல்!"

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னுதானேம்மா எழுத முடியும்? மகளோட படம்னு தூக்கி மேல வெச்சா, அப்புறம் என் பட்டியலை எவன் மதிப்பான்?"

"முதல் இடமா கேட்டேன்? ஏழு, எட்டுன்னு எங்கயாவது வெச்சிருக்கலாமே! எந்த நாட்டு மொழின்னே தெரியாத அந்தக் கோர்ட்டுப் படத்துக்கு முதல் இடம்! அதுல வாய் ஓயாம வாதாடறதைத் தவிர என்ன இருக்கு?"

"அதுதான் படம். கீழ எழுத்துல ஓடின ஒவ்வொரு வசனமும் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

"எங்க படத்துல என்ன குறை? அதைச் சொல்லுங்க."

அப்பா தயங்கினார். அச்சகத்தில் முப்பத்தாறு வருடம் இயந்திரங்களுக்கு நடுவே நின்றவர். தப்பு என்றால் முதலாளியாக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற மனிதர், இன்றைக்கு மென்று விழுங்கினார்.

"கதையே இல்லையேம்மா. ஒரு பொண்ணு, ஒரு கதவு. ஒன்றரை மணி நேரம் அந்தக் கதவையே பார்த்துப் பார்த்து நடுங்கறா. கடைசிவரைக்கும் யாருமே வரலை. அப்புறம் எதுக்கு நடுங்கறா?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. யாருமே வரவில்லையா? அந்தப் பெண்ணின் புருஷன் குடித்துவிட்டுப் படியேறி வருவதுதானே படமே! அவன் முகத்தை ஒரு தடவைகூடக் காட்டாமல் அவனை வரவழைக்க, எட்டு மாதம் ராப்பகலாகப் பாடுபட்டிருந்தாள்.

"பச்சைப் பொய்! நீங்க படத்தைப் பார்க்கவே இல்ல. ஆரம்பத்துலயே தூங்கிட்டீங்க."

"ரெண்டு தடவை பார்த்தேன்மா."

"இதுக்கு மேல பேசாதீங்க!"

அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணீர் வந்துவிடுமோ என்ற பயம் வேறு. தெருவைப் பார்த்தபடியே கொட்டித் தீர்த்தாள்.

"இந்த வேலையில சேர்ந்த நாள்லேர்ந்தே உங்களுக்கு இளக்காரம். 'செருப்பைத் தரையில தட்டிப் பதிவு பண்றதுக்கெல்லாமா சம்பளம்'னு கேட்டவர்தானே நீங்க! ஆறு மாசமா நான் போன் பண்ணா எடுக்கறதில்லை. எதுக்கெடுத்தாலும் மெசேஜ். பெத்த பொண்ணு குரலைக் கேக்கக்கூட அவ்வளவு கசக்குதா?"

திரும்பிப் பார்த்தாள். மனிதர் சாவகாசமாக மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். இங்கே ஒருத்தி கரடியாய்க் கத்துகிறாள், இவருக்குக் கண்ணாடி துடைக்கிற வேலை! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் எதிரே போய் நின்றாள்.

"சரி, இப்பவே போடறேன். என் பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. எந்த இடத்துல தூங்கினீங்கன்னு நானே கண்டுபிடிக்கிறேன்."

"போடு, பார்த்துட்டாப் போச்சு" என்று அப்பா நல்ல பிள்ளையாக நகர்ந்து இடம் கொடுத்தார்.

திரைச்சீலையை இழுத்துவிட்டாள். விளக்கை அணைத்தாள். டிவியின் சத்தத்தைக் கடைசி எண்வரை ஏற்றிவிட்டுப் படத்தைப் போட்டாள்.

எழுத்து இல்லை, காட்சி இல்லை. முதல் மூன்று நிமிடம் கன்னங்கரேலென்று வெறும் திரைதான். டைரக்டரோடு மல்லுக்கு நின்று அவள் வாங்கிய மூன்று நிமிடம் அது. இருட்டுக்குள் ஒரு கனத்த பூட்ஸ் முதல் படியில் விழுந்தது. இன்னொன்று. கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது. சாவிக்கொத்து தவறி விழ, ஒரு முரட்டுக் குரல் கெட்ட வார்த்தையில் கத்தியது. பூட்ஸ் தடதடவென்று மேலே ஏறிவந்தது. டிவி சத்தத்தில் அந்த அறையின் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. மேல்வீட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல் தரையை இடித்தார்.

இப்போதாவது திடுக்கிடுவார் என்று அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"கோவப்படாதம்மா, எனக்கும் ரெண்டு தடவையும் இப்படித்தான் டிவி இருட்டா நின்னுபோச்சு. கொஞ்சம் பொறு, படம் இனிமேதான் ஆரம்பிக்கும்."