கட்டெறும்பு போட்ட சட்டம்

சமையலறைச் சுவரில் போகும் எறும்புகளுக்கு, எதிரே வருபவரிடம் முகத்தோடு முகம் வைத்து ஒரு வார்த்தை பேசாமல் கடந்துபோகத் தெரியாது. ஒருநாள் யாரோ உப்பைச் சர்க்கரை என்று சொல்லிவிட, பாதி வரிசை உப்பு ஜாடிவரை போய்த் திரும்பியது. காவலுக்கு நின்ற கட்டெறும்புக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இனிமே எந்தச் சேதியும் முதல்ல என்கிட்ட வரணும். நான் சரின்னு சொன்னாத்தான் அடுத்தவங்களுக்குச் சொல்லணும்!”

வரிசை ஊமையானது. கட்டெறும்புக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் வீட்டம்மா ஈரத்துணியால் சுவரைத் துடைத்தார். தடம் அழிந்துபோய், கட்டெறும்பு ஜன்னலோரம் திருதிருவென்று விழித்தது. எதிரே ஒரு சிற்றெறும்பு வந்தது.

“தம்பி, புற்றுக்கு எப்படிப் போகணும்?”

“வழி தெரியும் அண்ணே. நீங்க இன்னும் சரின்னு சொல்லலையே.”

“எனக்கே தெரியாததை நான் எப்படிடா சரின்னு சொல்றது?”

“அதைத்தான் நாங்களும் யோசிச்சோம் அண்ணே.”

கட்டெறும்பு சற்று நேரம் மீசையைத் தடவியது. பிறகு தானே போய்ச் சிற்றெறும்பின் முகத்தோடு முகம் வைத்து வழி கேட்டுக்கொண்டது.

புற்றுக்குத் திரும்பும்போது, வழி தெரியாமல் நின்றவர்களுக்கெல்லாம் கட்டெறும்பே வழி சொன்னது. ஓரிடத்தில் தப்பாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் வந்த எறும்பு, “இடது இல்லண்ணே, வலது” என்றது. கட்டெறும்புக்குக் கோபமே வரவில்லை.