மூன்றாம் மாடி உயரத்தில்

வண்டி நிறைய மணல் மூட்டைகளோடு அவள் ஊருக்கு மேலே போய்க்கொண்டிருந்தாள்.

ஓர் இருக்கைக்கு ஒரு மூட்டை. ஓர் ஆளின் எடை. அவை ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போடவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் தூங்கிவிட்டு ஓட்டுநரைத் திட்டவில்லை. ஒன்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவளுக்கு இதுவே சொர்க்கமாக இருந்தது.

புதிய ரயில் பாதையில் இன்று கடைசிச் சோதனை ஓட்டம். திங்கட்கிழமை முதல் நிஜ ஆட்கள் ஏறுவார்கள். பக்கத்தில் சோதனைப் பொறியாளர் மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

காலை பத்தரை மணி. பாதையைத் தாங்கும் தூண்கள் கண்ணுக்குத் தெரியாததால் வண்டி வெறும் காற்றில் மிதந்து போவதுபோல இருந்தது. கீழே தகரக் கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், மொட்டைமாடியில் மெல்ல உப்பி அடங்கும் படுக்கை விரிப்புகள். பாதி முகத்தில் நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்த ஒருவர் கையை அப்படியே நிறுத்தி அவளைப் பார்த்தார்.

பேருந்து நிலையம் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தாள். அறுபது, நாற்பது, இருபது, ஐந்து.

"இங்க வளைவுகூட இல்லையேம்மா," என்றார் பொறியாளர். "இருபத்திரண்டு நாளா பாக்குறேன், இந்த இடம் வந்தா வண்டி பூனை மாதிரி நடக்குது."

"பழகிடுச்சு சார்."

"திங்கட்கிழமைலேர்ந்து வேகத்தை கம்ப்யூட்டர் பாத்துக்கும். நீங்க நெனச்சாலும் முடியாது."

அது அவளுக்கும் தெரியும்.

இடது பக்கம் பழைய நான்கு மாடிக் கட்டடம் ஒன்று, எட்டித் தொட்டுவிடலாம் போல நெருங்கி வந்தது. அதன் மூன்றாம் மாடியில் ஒரு பால்கனி இருந்தது. பாதைக்கு இடம் போதவில்லை என்று மூன்று வருடங்களுக்கு முன்பு அதை அறுத்து எடுத்துவிட்டார்கள். கதவு இருந்த இடத்தில் பாதிச் சுவர் எழுப்பி ஜன்னல் வைத்தார்கள்.

அவள் வளர்ந்த வீடு அது. இப்போது அக்கா மட்டும் இருக்கிறாள்.

பால்கனியைக் கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது அக்காதான். அம்மா போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தங்கையான இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று படி இறங்கியவள் அதன் பிறகு ஏறவே இல்லை. அக்கா கூப்பிட்டால் ஃபோனை எடுப்பதில்லை.

புதிய பாதைக்கு ஓட்டுநர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே மனுப் போட்டாள். பஸ்ஸுக்கு என்ன குறைச்சல் என்று கணவர் கேட்டபோது ஏதோ சொல்லி மழுப்பினாள். அந்தப் பால்கனி இருந்த இடத்துக்குப் போக இனி வேறு வழியில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அம்மா கடைசிப் பதினோரு மாதம் கிடந்தது அங்கேதான். பேச்சு போய்விட்டது. தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும் என்று கட்டிலை அங்கே போடச் சொன்னவள் தங்கை. சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு வந்து பார்த்தால் அம்மாவின் தலை வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கும். தலையணையைச் சரிசெய்து தெருப் பக்கம் திருப்பி வைப்பாள். மறுநாள் வந்தால் மறுபடி வீட்டுப் பக்கம். அக்காதான் அக்கறை இல்லாமல் இப்படிப் படுக்கவைக்கிறாள் என்று மனதுக்குள் கறுவிக்கொள்வாள்.

சோதனை ஓட்டம் தொடங்கியதிலிருந்து அந்த ஜன்னலில் திரை தொங்கிக்கொண்டிருந்தது. இன்று இல்லை. அக்கா துவைக்க எடுத்திருப்பாள்.

வண்டி அந்த இடத்துக்கு வந்தது. அவள் தலையைத் திருப்பினாள்.

கட்டில் கிடந்த அதே இடம். ஏறக்குறைய அதே உயரம். அங்கிருந்து நேர் எதிரே தெரிந்தது அடுப்படி. அக்காவின் முதுகு. அள்ளி முடிந்த கூந்தல், தோளில் ஒரு துண்டு. பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள், மூடினாள். ஏதோ பாட்டை முணுமுணுக்கிறாள் போல, தலை லேசாக ஆடியது. மேலே எங்கோ எட்டி ஒரு டப்பாவை எடுத்து, திறக்க வராமல் இடுப்பில் அணைத்துக்கொண்டு திருகினாள்.

பார்க்கப் பார்க்க அலுக்காது போலிருந்தது.

அம்மாவை யாரும் திருப்பிப் படுக்கவைக்கவில்லை. அம்மாவாகத்தான் திரும்பியிருக்கிறாள், தினமும்.

அந்தக் கதவைத் திறந்து வெறும் பால்கனியைப் பார்க்க அக்காவால் முடிந்திருக்காது. அதனால்தான் அந்தக் கையெழுத்து.

அவள் கை தானாகப் பிரேக்கை இழுத்தது. தண்டவாளம் கிறீச்சிட்டது. மூட்டைகள் எல்லாம் ஒருமுறை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தன. பொறியாளர் என்னவோ கேட்டார், காதில் விழவில்லை. பக்கக் கண்ணாடியை இறக்கினாள்.

சத்தம் கேட்டு அக்கா ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தாள். யார், என்ன என்று பார்க்கவில்லை. வெளி வெளிச்சத்தில் கண் கூசியிருக்க வேண்டும். தூக்கத்தில் பேசுகிறவளைப் போல, கதவு இருந்த அந்த இடத்தில் வந்து நின்று பதினோரு மாதம் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"என்னம்மா வேணும்?"

பிறகுதான் நிமிர்ந்து ரயிலையும் அதற்குள் இருந்தவளையும் பார்த்தாள்.

தங்கை வெளியே தலையை நீட்டினாள். "ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பியா?"

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இருப்பேன் என்று தலை ஆடியது. ஆடி முடிந்த பிறகும் ஆடிக்கொண்டே இருந்தது.

வண்டி நின்ற நேரத்தையும் காரணத்தையும் குறித்துக்கொள்ள வேண்டிய பொறியாளர், வலது பக்கம் திரும்பி, ஊரை இப்போதுதான் முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.