இடது கன்னம்

முறிந்த மணிக்கட்டு சரியாகக் கூடாததால், ஆறு வருடங்களாகத் தனுஷ்கோடிக்கு அவன் மனைவி மரகதம்தான் சவரம் செய்துவிடுகிறாள். அன்று வலது கன்னம் முடிந்திருந்தது. தாடையில் பிளேடு பட்டு ரத்தம் கசிந்தது. காலையில் மீன் ஆயும்போது வெட்டிக்கொண்ட கட்டைவிரலால் அதைத் துடைக்கப் போனாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தொடாத."

"ஏன்?"

சொன்னான். எச்.ஐ.வி. என்று சொல்லும்போது உதட்டு நுரை வாய்க்குள் போனது. அவன் துப்பவில்லை.

"எப்பருந்து தெரியும்?"

"வர்ற ஆடிக்கு ரெண்டு வருஷம். சத்து மாத்திரைன்னு சொன்னேன்ல, அது இதுக்குத்தான்."

"ரெண்டு வருஷமா எம்பக்கத்துலதான படுத்தீங்க."

அவள் ரேசரைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு உள்ளே போனாள். நுரை காய்ந்து அவன் கன்னத்தை இழுத்தது; துண்டால் துடைத்துக்கொண்டான். சேலை மாற்றி, ஆதார் அட்டையோடு வந்தாள்.

"எங்க ரத்தம் பாக்குறாங்களோ அங்க என்னையும் கூட்டிட்டுப் போங்க."

பெரியாஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தம் எடுத்து, அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் அவன் முகத்தையே பார்த்தார்கள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் நரைத்த முள். அவன் இடது கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"இதையும் முடிச்சிட்டு வந்திருக்கலாம்" என்றான்.

மரகதம் முழங்கை மடிப்பிலிருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது. பிறகு அவன் கையைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

"பாக்கட்டும்" என்றாள்.