கெட்டிமேளச் சான்று

கோமளவல்லி தான் கோமளவல்லிதான் என்று அடையாள அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும். கைரேகையை இப்போது யாரும் நம்புவதில்லை. அவரவர் பதிந்துவைத்த இசையைப் போடுவார்கள். பதிந்த அதே நினைவு மனதில் எழ வேண்டும். மூன்று தடவையும் எழாவிட்டால், ஆள் உயிரோடு இல்லை என்று பெயரை அடித்துவிடுவார்கள்.

அவளுடையது கல்யாணக் கெட்டிமேளம். பதிந்த நினைவு, தாலி கட்டும் கணவர் தணிகாசலத்தின் முகம்.

மேளம் முழங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்னம்மா, உங்க மனசுல மெதுவடை தெரியுது?" என்றாள் திரையைப் பார்த்த அலுவலகப் பெண்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தணிகாசலத்தின் முகம் சுண்டிப்போனது. கோமளவல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டாம் தடவையும் முயன்றாள். அப்போதும் வடைதான் வந்தது.

அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"உண்மையச் சொல்லிடறேன் கண்ணு. கல்யாணத்தன்னிக்கு நான் கொலைப் பட்டினி. மேளம் கொட்டினதும் பந்திதான் ஞாபகம் வந்துச்சு. வருஷா வருஷம் கஷ்டப்பட்டு இவரு முகத்த நெனச்சுக்குவேன். இன்னிக்குக் காலையில சாப்பிடாம வந்துட்டேன்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு வடையையே பதிந்துகொடுத்தாள். மூன்றாம் தடவை பச்சை எரிந்தது.

படி இறங்கும்போது தணிகாசலம் மெல்லக் கேட்டார்: "அது யாரு எலையில இருந்த வடை?"

"உங்க எலையிலதான். நீங்க மாலையக் கழட்டறப்போ எடுத்துட்டேன்."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவி! உன் தம்பிதான் எடுத்தான்னு முப்பத்தெட்டு வருஷமா அவன்கிட்ட நான் பேசலையே!"

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"அவன் நம்பரச் சொல்லு."