ஓடுபாதையில் ஓர் ஆள்காட்டி

ஆப்பிரிக்காவின் தென்பகுதிச் சதுப்புக் காடுகளில் சுற்றுலாக்காரர்களைச் சுமந்து திரிந்த குட்டி விமானம் ஒன்றுக்குத் தன் உறுமலில் அசாத்திய நம்பிக்கை. இறங்குமுன் மண் ஓடுபாதைமேல் ஒருமுறை தாழப் பறந்து உறுமும். மேய்கிற மிருகங்கள் விலகியதும் வட்டமடித்து வந்து இறங்கும். அங்கே அதுதான் வழக்கம்.

அன்றும் உறுமியது. வரிக்குதிரைகள் சிதறி ஓடின. யானைகூட முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கியது. ஆனால் திரும்பி வந்து இறங்கும்போது பார்த்தால், நடுப்பாதையில் ஓர் ஆள்காட்டிப் பறவை நிற்கிறது!

"ஏய், நகரு! நசுங்கிப் போயிடுவே!"

"நீ நகருடா, தகர டப்பா! இங்கே என் முட்டை இருக்கு. அவ்வளவு பெரிய வானம் கிடக்கே, அது பத்தலையா உனக்கு?"

சரளைக் கற்களோடு கற்களாக மூன்று முட்டைகள். அவற்றின்மேல் இறக்கையை விரித்து, கைக்கு அடங்குகிற அந்த உடம்பு அசையாமல் நின்றது.

விமானம் சட்டென்று மூக்கைத் தூக்கியது. பறவையைத் தாண்டிப் போய் இறங்கியது. மிச்சப் பாதை கொஞ்சம்தான். கோரைப்புல் விளிம்பில், வாயைப் பிளந்த நீர்யானைக்கு நேர் எதிரே, கிறீச்சிட்டு நின்றது.

எஞ்சின் அடங்கியதும் பின்னாலிருந்து ஆள்காட்டியின் குரல் வந்தது. "என்ன, பயந்துட்டியா?"

"பயந்துட்டேன் தாயி. யானையையே விரட்டினவன் நான். உன்னைப் போல ஒருத்தியைப் பார்த்ததே இல்லை. உனக்குப் பயமே கிடையாதா?"

"ஏன் இல்லாம? கால் இன்னும் நடுங்குது. அதான் உட்கார்ந்துட்டேன்" என்றது ஆள்காட்டி, முட்டைகளை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டே.