காற்றில் சாய்ந்து தூங்கியவள்

காற்று ஓயாத ஆர்க்னித் தீவில் இரண்டு மழைக்கு நடுவே கொஞ்சம் வெயில். காற்றாலை நட மண்ணைச் சோதிக்க, என் மேய்ச்சல் நிலத்தில் ஜேசிபி குழி தோண்டுகிறது. பழம்பொருள் ஏதும் சிதையாமல் காவலிருக்கும் தொல்லியல்காரி இங்கா சட்டென்று கை தூக்குகிறாள். இயந்திரம் நிற்கிறது. மணலில் துருப்பிடித்த லாடம், பழுப்பு எலும்பு. நான் குழிக்குக் குறுக்கே போய் நிற்கிறேன். "ரெண்டாயிரம் வருஷப் பழசும்மா, கலைச்சுடாதே." "லாடத்துல கம்பெனி முத்திரை இருக்கே, பெரியவரே?" என்கிறாள் இங்கா. "சரி, நாப்பது வருஷம். என் குதிரை பெர்த்தா. காத்துல சாஞ்சுக்கிட்டுதான் தூங்குவா. ஒருநாள் காத்து நின்னுடுச்சு, விழுந்து செத்துட்டா." ஜேசிபி ஓட்டும் எரிக் சிரிக்கிறான். இங்கா குறிப்பேட்டில் 'பழமையானது இல்லை' என்று எழுதுகிறாள். பிறகு மண்டியிட்டு, கையால் மணலை அள்ளி எலும்பைப் போர்த்துகிறாள். "எரிக், இதை மூடிட்டு முப்பதடி தள்ளித் தோண்டு." நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறேன். "என்ன பெரியவரே, மரியாதையெல்லாம் பலமா இருக்கு?" என்கிறான் எரிக். "காத்துடா, தொப்பி பறந்துடும்," என்கிறேன்.